கூப்பிட்டால் திரும்பாத சூப்பர்வைசர்

போன வாரம் ஜங்ஷன் ரோட்டு டீக்கடையில் ஒரு சண்டை. சண்டை போட்டவள் நான்தான். டீ ஊற்றுவதற்கு முன்னால் கப்பைக் கையில் வாங்கி ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பது என் பழக்கம். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் எல்லாருக்கும் இருக்கிற வியாதி அது. சுண்டினேன், சத்தம் வரவில்லை. விரிசல் விட்ட கப்பிலா டீ கொடுக்கிறாய், உனக்குக் கண் இல்லையா என்று பிடித்துக்கொண்டேன். கடைக்காரப் பிள்ளை வேறு கப்பை எடுத்துக் கொடுத்தான். அதிலும் சத்தம் இல்லை. மூன்றாவதை அவனே சுண்டிக் காட்டி, "நல்லாத்தான கேக்குது ஆயா?" என்றான். பெஞ்சில் இருந்தவர்களும் கேட்கிறது என்று தலையை ஆட்டினார்கள். விரிசல் கப்பில் இல்லை, என் காதில் என்று அப்புறம்தான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டு வசந்தி நான் பார்த்த அதே வேலையைத்தான் இப்போது வேறொரு கம்பெனியில் பார்க்கிறாள். உங்க காலத்துக் கதையை எழுதி வையுங்கள் என்று ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். காது போன கதையை எழுதலாமென்று உட்கார்ந்தால் எனக்குக் கம்பெனி ஞாபகம் வரவில்லை, ஓர் அருவிதான் ஞாபகம் வருகிறது. அதையே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில். முதலில் களிமண் பிசையும் இடத்தில் போட்டார்கள், பிறகு அச்சு துடைக்கும் இடத்தில். மேஸ்திரியோடு வாய்ச்சண்டை போட்டதால் அங்கிருந்து தூக்கி சார்ட்டிங்கில் போட்டார்கள். சூளையிலிருந்து வெளியே வரும் சரக்கில் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிற இடம் அது. தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார்கள். எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது.

நீளமான ஒரு மரப்பலகை. அதன் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்போம். ஊறுகாய் ஜாடி, டீக்கடைக் கப்பு, பியூஸ் கட்டை என்று எது வந்தாலும் முதலில் கண்ணால் ஒரு சுற்று பார்க்க வேண்டும். பிறகு இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்ன மரக்குச்சியால் விளிம்புக்குக் கீழே ஒரே ஒரு தட்டு. நல்ல சரக்கு கிணீரென்று சொல்லும். விரிசல் விட்டது டொக்கென்று சொல்லும். கிணீருக்கும் டொக்குக்கும் நடுவில் இழுத்தாற்போல ஒரு சத்தம் உண்டு, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். அப்படிப்பட்டதன் மேல் சிவப்பு மையைத் தடவித் துணியால் துடைப்போம். விரிசல் இருந்தால் மை அதற்குள் இறங்கி ஒரு கோடாக நின்றுவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. தேங்காயைத் தட்டுவேன், பானையைத் தட்டுவேன். என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால், "என் தலையையும் ஒரு தட்டு தட்டிப் பாத்துடு" என்பார்.

எங்களுக்கு சூப்பர்வைசர் பிலோமினா. என்னைவிட இரண்டு வயது சின்னவர்தான். பத்தாவது படித்தவர் என்பதால் சூப்பர்வைசர். கல்யாணம் ஆகவில்லை. மாதா கோயில் தெருவில் படுத்த படுக்கையாக இருந்த அம்மாவோடு குடியிருந்தார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, சிரிப்பில்லாத முகம். அவரிடம் பேசுவதற்கென்று சில சட்டங்கள் உண்டு. முன்னால் வந்து நின்றுதான் பேச வேண்டும். வெற்றிலையை மென்றுகொண்டு பேசக் கூடாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினால், "துணிய எடுத்துட்டுச் சொல்லு" என்பார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். தொண்டை கிழியக் கத்தினாலும் அப்படியே நிற்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்தாவது படித்தால் இவ்வளவு திமிரா என்று கேட்பேன், அவரிடம் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தனத்திடம். தனம் என் கூட்டாளி. எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். "மாதா கோயில்ல நிக்கற சிலை, சொரூபம்டி அது. நாமதான் முன்னாடி போயி நிக்கணும். அது திரும்பிப் பாக்காது" என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து செக்‌ஷன் முழுக்க பிலோமினாவுக்கு 'சொரூபம்' என்றே பெயராகிவிட்டது. அந்தப் பெயரை வைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புது மேனேஜர் வந்தார். அந்தச் சமயம் பார்த்து வெளியூர் வியாபாரி ஒருவர், ஜாடிகளில் விரிசல் என்று ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். லாரி குலுங்கியதில் விரிசல் விட்டதா, எங்கள் காது கோட்டை விட்டதா, யார் கண்டது? மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். சூளைக்குப் புதுச் செங்கல் வைக்கப் போகிறார்கள், அதனால் சில நாள் லீவு. அது முடிந்து முதல் சரக்கு இறங்கியதும் எல்லாருக்கும் ஒரு பரீட்சை. ஆள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் பின்னால் நின்று ஜாடியைத் தட்டுவார். நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சார்ட்டிங்கில் இடம் இல்லை. முதல் ஆள் சூப்பர்வைசர்.

பிலோமினா தேறாவிட்டால் அடுத்த சூப்பர்வைசர் நான்தான், எனக்குத்தான் சர்வீஸ் அதிகம். எனக்கு அந்த ஆசை இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி. நிறைய ஆசை இருந்தது.

அந்த லீவில்தான் கல்வராயன் மலை அருவிக்குப் போனோம். தீபாவளி கழிந்து நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கம்பெனி லாரியைக் கேட்டு வாங்கியவர் வாட்ச்மேன் மாணிக்கண்ணன். ஜாடி அடுக்குகிற வைக்கோலின் மேலேயே எங்களையும் ஏற்றினார். "உள்ள இருக்கறது ஜாடியில்ல, பொம்பளைங்க. பாத்து ஓட்டுப்பா" என்று டிரைவரிடம் சொன்னார். "ஜாடின்னா ஒடஞ்சாத்தான் சத்தம் வரும், இதுங்க ஒடையறதுக்கு முன்னாடியே கத்தும்" என்று அவன் பதில் சொன்னான். வேப்பூரில் டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரர் கொடுத்த கப்புகளை எல்லாரும் ஒரே நேரத்தில் சுண்டினோம். கடைக்காரர் பயந்துபோய், "எம்மா, எல்லாம் உங்கூரு கப்புதாம்மா" என்றார்.

பிலோமினாவும் வந்திருந்தார். அவர் வருவார் என்று யாருமே நினைக்கவில்லை. அம்மாவைப் பக்கத்து வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தாராம். லாரியில் ஒரு மூலையில், எங்கள் எல்லாருடைய முகமும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

கச்சிராயபாளையம் தாண்டி, மலை அடிவாரத்தில் லாரி நின்றுவிட்டது. அங்கிருந்து நடைதான். வழி காட்ட ஒரு மலைக்காரப் பெரியவர் வந்தார். தோளில் அரிவாள், இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். புளிச்சோற்றுத் தூக்கை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் வரிசையாக ஏறினோம். முதலில் மூங்கில் காடு. காற்று அடிக்கும்போது ஒன்றோடொன்று உரசி, கதவு திறக்கிற மாதிரி கிறீச்சிடும். ஒவ்வொரு தடவையும் தனம், "யாரு வூட்டுக் கதவுடி அது?" என்று கேட்டுச் சிரித்தாள். மேலே போகப் போகக் கடுக்காய் மரமும் நெல்லி மரமும் வந்தன. எங்கேயோ காட்டுக்கோழி கூவியது. சில்வண்டுகள் நாங்கள் பக்கத்தில் போனதும் நிறுத்திவிட்டு, தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தன. சமவெளியில் பிறந்து, சூளைப் புகையில் வளர்ந்தவர்கள் நாங்கள். காடு இத்தனை பேசும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? "இது என்னா கத்துது, அது என்னா கத்துது" என்று பெரியவரைத் துளைத்து எடுத்துவிட்டோம்.

பிலோமினா மட்டும் எதையும் கேட்கவில்லை. தரையைப் பார்த்து நடந்தார். அவ்வப்போது எங்கள் முகங்களைப் பார்ப்பார். நாங்கள் சிரித்தால் அவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார். பெரிய இடத்துப் பெண் மாதிரி வருகிறாளே என்று நான் முனகினேன்.

வெயில் ஏறியபோது தனம் நின்று கையைத் தூக்கினாள். "சத்தம் கேக்குதுடி!" எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். தூரத்தில் எண்ணெயில் வடகம் போட்டாற்போல ஓர் இரைச்சல். அருவி! கால்வலியெல்லாம் பறந்துபோய் ஓட ஆரம்பித்தோம். பிலோமினா ஓடவில்லை. பாதை திரும்பும் இடத்திலிருந்த பெரிய பாறையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். அவர் முகம் மலர்ந்ததை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன்.

திரும்பியதும் அருவி. நான் அதற்குமுன் பார்த்த தண்ணீரெல்லாம் படுத்துக் கிடந்த தண்ணீர்தான். மணிமுத்தாறும் அப்படித்தான், வெள்ளாறும் அப்படித்தான். நின்றுகொண்டிருக்கும் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன். அம்மாடி, என்ன இரைச்சல்! பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்கவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. தனம் என் காதில் வாயை வைத்துக் கத்துகிறாள், நான் "என்னா? என்னா?" என்று கேட்கிறேன். மாணிக்கண்ணன் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்கிறார், ஆழத்துக்குப் போகாதே என்கிறாரா, சோற்றை எடு என்கிறாரா, ஒருத்திக்கும் புரியவில்லை. எல்லாரும் ஊமை பாஷை பேசிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம்.

பிலோமினா தடாகத்தின் அந்தக் கரையில், அருவி தெறிக்கிற இடத்தில், பின்னலை அவிழ்த்துப்போட்டு நனைந்துகொண்டிருந்தார். நான் இந்தக் கரையில் இருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்: "சொரூபம் நனையுது பாரு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வாயை நிதானமாகத் திறந்து, எனக்குப் புரிகிற மாதிரி உதட்டை அசைத்து, கையாலும் தலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். சொரூபமும் குளிக்கணும்ல!

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெயர் தெரிந்துவிட்டதே என்பது ஒரு பக்கம். என் காதுக்கே கேட்காத என் பேச்சு அவ்வளவு தூரத்தில் அவருக்கு எப்படிக் கேட்டது? சாப்பிடும்போதும் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் சைகையில் திண்டாடிக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் யார் என்ன கேட்டாலும் டக்டக்கென்று எடுத்துக் கொடுத்தார். ஊறுகாய் கேட்டவளுக்கு ஊறுகாய், தண்ணீர் கேட்டவளுக்குத் தண்ணீர். அன்றைக்கு அந்த இடத்தில் எங்கள் எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருந்தவர் அவர்தான்.

வெயில் சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று பெரியவர் கிளப்பினார். பிலோமினா எல்லாருக்கும் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். மூங்கில் காட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் மேலே சரிவிலிருந்து நீளமாக ஒரு கூவல் கேட்டது. மூங்கில் வெட்டுகிறவர்கள் கட்டுகளைச் சரிவில் உருட்டிவிடுவதற்கு முன் அப்படிக் கூவுவார்களாம். பெரியவர், "நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க!" என்று கத்தினார். நாங்கள் நின்றோம். பிலோமினா நடந்துகொண்டே இருந்தார். "எம்மா, நில்லும்மா!" பெரியவரின் குரல் காட்டில் எதிரொலித்தது. பிலோமினா திரும்பவில்லை.

திமிரில் யாராவது சாவார்களா? அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தூக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். ஈரமாகத் தொங்கிய அவருடைய கூந்தல்தான் கைக்குக் கிடைத்தது. அதைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் பின்பக்கமாக விழுந்தோம். எங்களுக்கு முன்னால், பாதைக்குக் குறுக்கே, ஒரு மூங்கில் கட்டு படபடவென்று உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

கால் சுளுக்கிக்கொண்டது, மெதுவாக வருகிறோம் என்று சொல்லி மற்றவர்களை முன்னால் அனுப்பினேன். இரண்டு பேரும் பாதை ஓரத்தில் உட்கார்ந்தோம். நேராக அவர் முகத்துக்கு முன்னால் போய்க் கேட்டேன்.

"உங்களுக்குக் காது கேக்காதா?"

"ஒருதடவ டைபாய்டு வந்து படுத்தேன், அதுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா போச்சு. இப்ப சுத்தமா இல்ல. நீங்கள்லாம் பேசறது வாயப் பாத்துதான் தெரிஞ்சுக்கறேன்" என்றார்.

"அப்ப ஜாடி? தட்டி எடுக்கறீங்களே, அது?"

விரல்களை விரித்துக் காட்டினார். "விரல் நுனில நிக்க வெச்சித் தட்டுவேன். நல்லதுன்னா அதிர்வு விரல்லேருந்து மணிக்கட்டு வரைக்கும் ஏறும். விரிசல்னா விரலோட நின்னுடும். இதுவரைக்கும் தப்புனதில்ல, சரோஜா. ஆனா மேனேஜரு பின்னாடி நின்னு தட்டுனா எனக்கு என்னா தெரியும்? எங்கம்மாவுக்குக் கஞ்சி ஊத்த என்னை வுட்டா ஆளு இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் எடம் உனக்குத்தான் வரும். நீ சொல்லிடுவியா?"

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. "உங்க எடம் யாருக்கு வேணும்? நாள் முழுக்க நின்னுகிட்டே பாக்கற வேல. எனக்கு வேற முட்டி வலி" என்றேன். எனக்கு அப்போது முட்டி வலியெல்லாம் கிடையாது.

அவர் திரும்பி, நாங்கள் வந்த வழியைப் பார்த்தார். "காட்டுல எல்லாரும் ஏதோ கேட்டுகிட்டு வந்தீங்க. எனக்குத் துக்கமா இருந்திச்சி. அருவில ஒருத்தருக்கும் கேக்கல பாரு, அங்க மட்டுந்தான் நானும் உங்கள மாதிரி இருந்தேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். லாரி வரைக்கும் விடவில்லை.

பரீட்சை நாள் வந்தது. பிலோமினா போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். மேனேஜர் ஜாடியைக் கையில் எடுத்தார். நான் எழுந்துவிட்டேன்.

"சார், ஒரு வார்த்த. அடுத்தவங்க தட்டறதக் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்ல சார். சரக்கு எங்க கையில இருந்தாத்தான் தெரியும். கொழம்புல உப்பு பாக்கணும்னா அவங்கவங்க நாக்குலதான பாக்கணும்? உங்க நாக்குல ஊத்தி என்னைக் கேட்டா நான் என்னா சொல்லுவேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் நல்ல மனுஷர், அவரும் சிரித்துவிட்டார். "சரிம்மா. சுவரைப் பாத்தே நில்லுங்க. ஜாடிய கையில குடுக்கறேன். நீங்களே தட்டிச் சொல்லுங்க" என்றார்.

பிலோமினாவின் கையில் ஒவ்வொரு ஜாடியாக வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியில் நிறுத்தி, ஒரு தட்டு. "நல்லது." அடுத்தது. "விரிசல்." கடைசியாக ஒரு ஜாடி. அதன் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கிணீரென்றுதான் கேட்டது. நான் மனசுக்குள் நல்லது என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, இரண்டாவது தடவை தட்டி, "விரிசல். கைப்பிடிக்கிட்ட" என்றார். மேனேஜர் சிவப்பு மையைத் தடவித் துடைத்தார். கைப்பிடிக்குக் கீழே தலைமுடி கணக்காக ஒரு சிவப்புக் கோடு நின்றது.

"ரொம்ப நல்லதும்மா. போதும், வாங்க" என்றார் மேனேஜர்.

பிலோமினா திரும்பவில்லை. அடுத்த ஜாடிக்காக உள்ளங்கையை விரித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

"ஏம்மா, உங்களத்தான். வாங்க."

அசையவில்லை. மேனேஜரின் நெற்றி சுருங்கியது. செக்‌ஷனில் எல்லார் கண்ணும் அவர் முதுகின் மேல்தான். வாயில் என்ன வருகிறது என்று யோசிக்காமலே கத்தினேன்:

"திமிரு சார்! கூப்ட்டா திரும்ப மாட்டாங்க. எப்பவுமே இப்படித்தான்!"

தனம் சும்மா இருப்பாளா? "ஆமா சார், நாங்களே மின்னாடி போயி நின்னாத்தான் பேசுவாங்க" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, மனசிலிருந்ததைச் சொன்னாள். "சொரூபம் சார்" என்றாள் இன்னொருத்தி. பலகை முழுக்கச் சிரிப்பு. ஜாடி வரவில்லையே என்று பிலோமினா அந்த நேரம்தான் திரும்பினார். அவர் கண் நேராக என் வாயின் மேல் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. "அவ்ளோ திமிரு சார் இவங்களுக்கு!"

"சூப்பர்வைசர்னா கொஞ்சம் திமிரு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பிலோமினா தன் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குமுன் அப்படி உட்கார்ந்ததே இல்லை. "என்னைப் பத்தி என்னமோ சொன்னியே அவுருகிட்ட" என்றார்.

"திமிருன்னு சொன்னேன்."

"பாத்தேன்." ஒரு முட்டையை எடுத்து என் சோற்றில் வைத்தார். "நல்லா சொன்ன."

அதற்கப்புறம் அவரை நான் கூப்பிட வேண்டியதே இல்லாமல் போயிற்று. பலகையில் குச்சியால் இரண்டு தட்டு தட்டுவேன். அவர் எந்த முனையில் நின்றாலும் ஒரு கை பலகையின் மேல்தான் இருக்கும். திரும்பிவிடுவார். "உனக்கு மட்டும் எப்படிடி திரும்புது?" என்று தனம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். வருஷங்கள் போகப் போக, ஒவ்வொருத்தியாகப் பலகையைத் தட்ட ஆரம்பித்தார்கள். யாருக்கு எப்போது தெரிந்தது என்று நான் விசாரிக்கவில்லை. ஒருத்தியும் வெளியே சொல்லவில்லை. ரிடையர் ஆகிற வரைக்கும் அவர்தான் எங்கள் சூப்பர்வைசர்.

டீக்கடைச் சண்டைக்கு மறுநாள் மாதா கோயில் தெருவுக்குப் போனேன். பிலோமினா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். கட்டில் சட்டத்தை இரண்டு தட்டு தட்டினேன், எழுந்து உட்கார்ந்தார். முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கப்பில் சத்தம் வராததைச் சொன்னேன். மருமகள் சமையல்கட்டிலிருந்து கூப்பிடுவது எனக்குக் கேட்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அவள் என் மகனிடம் குறை சொல்கிறாள் என்பதையும் சொன்னேன். பயமாக இருக்கிறது என்றேன்.

அவர் என் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். வயதாகி அவர் குரலும் தேய்ந்துவிட்டது. எனக்குக் காதில் விழவில்லை.

உதடு மட்டும் தெரிந்தது. "திமிரு."